மூன்று தலைமுறைக்கும் இடமுள்ள படகு

பள்ளி விடுமுறை நெருங்கினால் இளம் குடும்பங்களின் பேச்சு வெளிநாட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. முன்பெல்லாம் போர்ட்டிக்சன், கேமரன் மலை என்று முடிந்த பேச்சு, இப்போது மால்டா, சைப்ரஸ், கிரீட் என்று மத்தியத்தரைக்கடல் தீவுகள் வரை போகிறது. வெள்ளைச் சுவர், நீலக் கடல், மணலில் விளையாடும் குழந்தைகள் என்று கைப்பேசியில் பார்த்த படங்கள் ஆசையைக் கிளப்புகின்றன. கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள், ஆசைப்படுவதில் தவறில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கடலில் கால் நனைப்பது நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால், பயணத்துக்கு ஆள் கணக்குப் போடும்போது ஒரு கேள்வி எழும். பாட்டி வருவாரா? முட்டிவலி, இனிப்புநீர் மாத்திரை, விமானம் மாறி விமானம் ஏறும் அலைச்சல் என்று எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு அவரே சொல்லிவிடுவார்: "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டப் பாத்துக்கிறேன்."

மத்தியத்தரைக்கடல் தீவுகளுக்குப் பிள்ளைகளோடு போய் வந்தவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டால், பெரும்பாலும் அங்கே பொழுது கழியும் விதத்தைத்தான் சொல்கிறார்கள். காலையில் கடல், உச்சி வெயிலில் நிழலும் தூக்கமும், மாலையில் மீண்டும் கடற்கரை. இரவில் ஒரு நீண்ட மேசை, சுட்ட மீன், தாத்தா முதல் கைக்குழந்தை வரை அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. அவசரமே கிடையாது. இந்த நாளை வாழ அவ்வளவு தூரம் பறக்க வேண்டியதில்லை. மலாக்கா மாநிலத்திலேயே அதற்கு ஒரு தீவு இருக்கிறது: பூலாவ் பெசார்.

மலாக்கா சிறிய மாநிலம். ஜாசின், மெர்லிமாவ், செர்க்காம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கடல் அதிக தூரமில்லை. ஆனாலும் தோட்டத்து மக்களுக்குக் கடல் எட்டாத இடமாகவே இருந்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசஹானிலும் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட காலத்திலிருந்து, மலாக்காவின் உள்பகுதி மெல்ல மெல்லப் பால்மரக் காடாக மாறியது. விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனவர்களுக்கு, வாளியில் பால் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்தபின் கடலைப் பார்க்க ஏது நேரம்? ஆண்டுக்கு ஒரு முறை லாரி பிடித்து, பானையில் சோறு கட்டிக்கொண்டு தஞ்சோங் கிளிங் பக்கமோ தஞ்சோங் பிடாரா பக்கமோ போய்வந்தால் அதுவே பெரிய உல்லாசப் பயணம்.

மூத்த தலைமுறைக்குக் கடல் என்றால் வேறொரு நினைவும் உண்டு. நாகப்பட்டினத்தில் ஏறி, நாள் கணக்கில் ஆடி அசைந்து பினாங்கில் வந்து இறங்கிய கடல் அது. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல், பெற்றவர்களையும் ஊரையும் பிரித்து வைத்த தண்ணீர். பேரப்பிள்ளைகளோடு அதே கடலில் உட்கார்ந்து சிரிக்க ஒரு நாள் கிடைத்தால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

பூலாவ் பெசாருக்குப் போகும் வழி எளிது. மலாக்கா நகரிலிருந்து மெர்லிமாவ் நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில், உம்பாய் பகுதியில் அஞ்சோங் பத்து படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும் படகுப் பயணம்தான். படகில் ஏறி இறங்கும்போது மட்டும் பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். போகும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வது முக்கியம்.

கரையிலிருந்து பார்த்தால் தீவின் வடிவம் மல்லாந்து படுத்திருக்கும் கர்ப்பிணிப் பெண்ணைப் போல் தெரியும் என்பார்கள். படகு நெருங்கும்போது எது தலை, எது வயிறு என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கைப்பேசி தானாகவே பைக்குள் போய்விடும். தீவில் சமய அறிஞர் சுல்தானுல் ஆரிஃபின் ஷேக் இஸ்மாயிலின் அடக்கத்தலமும் வேறு பல பழைய சமாதிகளும் உள்ளன. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது நெடுநாள் பழக்கமான இடம்; மற்ற இனத்தவரும் வருவதுண்டு. அடக்கமான உடை, மெல்லிய குரல், அங்குள்ள அறிவிப்புகளுக்கு மதிப்பு ஆகியவை போதும். பன்றி இறைச்சி உணவைத் தீவுக்குக் கொண்டுபோவதில்லை என்பது அனைவரும் மதிக்கும் வழக்கம். கடலுக்கு மிக அருகிலேயே நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருப்பதும் பிள்ளைகளை வியக்க வைக்கும்.

ஆடம்பர வசதிகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தங்குவதென்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமே தோது. புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டை, தாராளமாகக் குடிநீர், விரித்து உட்கார ஒரு பாய், பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி இவை இருந்தால் போதும். கொண்டுபோன நெகிழிப் பைகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடலைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்திருப்பது நல்லது. மத்தியத்தரைக்கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. நம் நீரிணையில் அப்படியில்லை. காலையில் இடுப்பளவு நீர் இருந்த இடம் மதியம் சேறும் பாறையுமாகக் கிடக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். பாட்டியின் நாள்காட்டி இதற்கு உதவும். நீர் இறங்கிய நேரத்தில் நண்டும் சிப்பியும் பார்க்கலாம்; கால் வழுக்காத செருப்பு அவசியம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பதினொரு மணி வெயில் பிள்ளைகளின் தோலைச் சுட்டுவிடும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை மரநிழல்தான் சரி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்று சொல்லப்படும் பலத்த காற்றுமழை விடியற்காலையில் வீசுவதுண்டு. படகோட்டி கொஞ்சம் பொறுங்கள் என்றால் பொறுத்துத்தான் ஆகவேண்டும். நீரில் இறங்கும் பிள்ளையிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பெரியவர் இருக்கட்டும்.

அந்த மதிய நிழல்தான் பயணத்தின் சிறந்த நேரம். பிள்ளைகள் நீரிணையில் போகும் கப்பல்களை எண்ணுவார்கள். அப்போது அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் மத்தியத்தரைக்கடல் நகரமான வெனிஸ் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வணிகத்தில் கொழித்தது. அந்தச் சரக்கில் பெரும்பங்கு மலாக்கா வழியாகப் போனது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அடுத்த சில ஆண்டுகள் இங்கே வாழ்ந்த தோமே பிரெஸ், வெனிஸின் பிழைப்பே மலாக்காவை ஆள்பவரின் கையில் இருக்கிறது என்ற கருத்தை எழுதி வைத்தார். அதே துறைமுகத்துக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்தவர்கள் தமிழ் வணிகர்கள். மத்தியத்தரைக்கடலும் நம் கடலும் அந்நியமல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியும். பிறகு தாத்தாவிடம் கப்பல் கதை கேட்கச் சொல்லுங்கள். கேள்வி பேரனிடமிருந்து வந்தால் நம்மிடம் சொல்லாததையும் அவர் சொல்வார்.

மாலையில் கரை திரும்பியதும் உம்பாய்ப் பக்கத்து ஈக்கான் பாக்கார் கடைகளில் உட்காரலாம். வாழையிலையில் வைத்துச் சுட்ட மீன், சம்பால், சூடான சோறு. மத்தியத்தரைக்கடலின் நீண்ட மேசை இதுதான். ஏழேகால் வாக்கில் சூரியன் இறங்கும்.

இன்னொரு நாள் கையிலிருந்தால், மஸ்ஜிட் தானா பக்கம் பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையத்துக்குப் போகலாம். கிரீஸின் ஜாக்கிந்தோஸ் தீவுக்கு ஆமைகள் முட்டையிடுவதற்காகவே பெயர் உண்டு. நம் மலாக்காக் கரைக்கும் அழுங்காமைகள் முட்டையிட வருகின்றன. மணலின் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது என்றால் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். ஆனால், கரை குறைந்தால் ஆமை வராது. பண்டார் ஹிலிரில் இன்று பேரங்காடிகள் நிற்கும் இடம் கடலை நிரப்பி எடுத்த நிலம். "இங்கதான்டா அலை அடிக்கும்" என்று தாத்தா காட்டும்போது பேரன் நம்ப மறுக்கிறான்.

அந்தச் சாட்சிகள் நம்மோடு இருக்கும்வரைதான் இதைக் கேட்க முடியும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. பிள்ளைகள் ஜொகூர், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சிதறினார்கள். குடும்பம் முழுதும் கூடுவது கல்யாணத்திலும் கருமாதியிலும் என்றாகிவிட்டது. கிரீட் தீவு பத்து ஆண்டு கழித்தும் அங்கேயே இருக்கும். பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களே நம்மை அழைத்துப் போகலாம். இந்த விடுமுறைக்கு, விமானச் சீட்டு விலையைப் பார்ப்பதற்கு முன் அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். "கடலுக்குப் போறோம், நீங்களும் வர்றீங்க" என்று சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பூட்டு போதும்.