தேம்ஸ் கரையிலிருந்து – 7: மரப்பட்டையில் ஒரு மணி

சென்ற வாரம் ரிச்மண்ட் குன்றின் மேல் நின்றோம். மறுநாள் காலை ஏழு மணிக்கே ரிச்மண்ட் பூங்காவுக்குள் நுழைந்துவிட்டேன். ஆகஸ்ட் மாதம். இரவு பெய்த மழையில் நனைந்த புல்லை மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

பூங்கா என்றதும் பூச்செடிகளும் ஊஞ்சலும் நினைவுக்கு வரலாம். இதன் பரப்பு 955 ஹெக்டேர். மன்னர் முதலாம் சார்லஸ் மான் வேட்டைக்காக 1637இல் மதில் எழுப்பி வளைத்த நிலம். அந்த மதிலுக்கும் மூத்த ஓக் மரங்கள் இன்றும் உள்ளே நிற்கின்றன. அவற்றின் பட்டையில் குடியிருக்கும் ஓர் அந்துப்பூச்சியைத் தேடித்தான் வந்திருந்தேன்.

டிஸ்டெபென்னா ஸ்டீபென்சி. இதில் ‘ஸ்டீபென்சி’ என்பது பூச்சியியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் ஸ்டீபன்ஸைச் சிறப்பிக்க 1849இல் மற்றொரு பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் சூட்டிய பெயர். இங்குள்ளவர்களுக்கு அது ‘ஸ்டீபன்ஸின் மணி’ (ரத்தினம் என்ற பொருளில்). இதன் புழு இலையைத் தொடுவதில்லை; முதிர்ந்த ஓக்கின் உயிருள்ள பட்டைக்குள் குடைந்து வளர்கிறது. அதனால் பெரிய மரங்கள் எஞ்சியிருக்கும் சில இடங்களில்தான் தென்படும்.

பல ஆண்டுகளாகப் பூச்சிகளைப் பதிவு செய்துவரும் நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். “கிளையை விடுங்கள். அடிமரத்தோடு கன்னத்தை ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்” என்றார். பட்டையின் வெடிப்புகளில் என் விரல் பாதி இறங்கியது. நான்கு மரங்களைச் சுற்றி வந்தும் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது மரத்தில், மார்பளவு உயரத்தில், பட்டையின் ஒரு துணுக்கு நகர்ந்தது! அரிசி அளவுகூட இல்லை. லென்ஸை வைத்தேன். வெளிறிய சாம்பல் சிறகு. அதன் மேல் செம்பழுப்புச் செதில்கள் சிறு குவியல்களாக நிமிர்ந்திருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

நண்பர் அதைப் பிடிக்கவில்லை. படம் எடுத்துவிட்டு நோட்டைத் திறந்தார். என்ன, எங்கே, எப்போது, யார்: பதிவுக்கு இந்த நான்கும் வேண்டும். இடத்துக்கு எதிரே ‘சர்ரே’ என்று மாவட்டப் பெயரை எழுதினார்.

“இது லண்டன் அல்லவா?”

“ஆட்சி எல்லை மாறும். நாங்கள் 1852இல் தாவரவியலாளர் வாட்சன் வகுத்த எல்லையையே வைத்திருக்கிறோம். நூறாண்டுக்கு முந்தைய குறிப்போடு இன்றையதை ஒப்பிட வேண்டுமே!”

‘கண்டவர்’ என்ற இடத்தில் என் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதும்போது கை லேசாக நடுங்கியது.

திரும்பும் வழியில், மான் கடிக்காதபடி வேலியிட்ட ஓர் ஓக் கன்றைத் தடவிப் பார்த்தேன். பட்டை வழவழவென்றிருந்தது. அது முதிர்ந்து வெடித்து மணிக்கு இடம் கொடுக்கப் பல தலைமுறைகள் ஆகும். அதுவரை அந்த ஐந்தாவது மரம் நிற்க வேண்டும்.

(பயணம் தொடரும்)