பாண் வாங்கப் போன சிறுவன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுது, கோப்பாயில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு என் மாணவன் ஒருவனின் தந்தையார் வந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். காலில் ஒட்டிய செம்மண் இன்னும் காயவில்லை.

“மாஸ்ரர், உவன் படிக்கிறானில்லை. முழுநாளும் ஃபோனிலை யப்பான் படந்தான். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேட்பான்” என்றார்.

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். தாம் கண்டறியாத பொருள்பற்றி அறிவுரை கூற ஆசிரியர்கள் என்றுமே தயங்கியதில்லை. நானும் அதற்கு விலக்கல்லன். மறுநாள் பையனை அழைத்து, முகமூடி அணிந்த வீரர்களும் வானத்திலிருந்து வரும் பூதங்களும் மனிதனின் சிந்தனையை எவ்வாறு மழுங்கடிக்கின்றன என்பதுபற்றிக் கால்மணி நேரம் பேசினேன். அவன் பணிவோடு கேட்டுக்கொண்டு நின்றான். இறுதியில், “நீங்கள் ஒண்டாவது பார்த்திருக்கிறீங்களோ, சேர்?” என்றான்.

வாசியாத நூலைப்பற்றி அபிப்பிராயம் சொல்லாதே என்று வகுப்புக்கு வகுப்பு போதிப்பவன் நான். அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றிரவே பார்க்கத் தொடங்கினேன்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: முதல் மூன்று மாதங்களும் வீணாயின. பையனின் தந்தையார் சொன்னதிலே பெரும்பகுதி உண்மை. யப்பானிய வீரதீரத் தொடர்கள் பல, விளையாட்டுச் சாமான் விற்பனைக்கென்றே பிறந்தவை. வாரத்துக்கொரு பூதம்; பூதத்தை வெல்ல ஒரு புதிய ஆயுதம்; அந்த ஆயுதம் மறுவாரமே கடையிலே பொம்மையாகத் தொங்கும். நாம் இந்தியத் தொலைக்காட்சி வழியாகத் தமிழிற் கண்ட ‘பவர் ரேஞ்சர்ஸ்’ இதன் உச்சம். 1992ஆம் ஆண்டின் யப்பானியத் தொடரொன்றின் சண்டைக் காட்சிகளை அமெரிக்க நிறுவனத்தார் வாங்கி, முகமூடி இல்லாத காட்சிகளை மட்டும் தம் நாட்டு நடிகரைக் கொண்டு எடுத்து, 1993இல் உலகெங்கும் விற்றனர். முகமூடி யப்பானியருடையது, முகமூடியைக் கழற்றினால் தெரியும் முகம் அமெரிக்கருடையது! வர்த்தகம் கலையை எவ்வாறு தோலுரித்து விற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிழை என் தேடலிலும் இருந்தது. நான் நாயகர்களின் பெயரைக்கொண்டு தேடினேன். ஒரு புலவனைத் தேடுபவன் பாட்டுடைத் தலைவனின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு அலைந்தால் அவனுக்கு என்ன அகப்படும்? பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. எழுதியவர் யார், அவர் எந்த ஊரார், எந்தக் காலத்தில் வாழ்ந்தவர் என்று கேட்கத் தொடங்கிய பின்னர்தான் வழி திறந்தது.

முதலில் அகப்பட்டவர் ஹாஷிதா சுகாகோ என்ற பெண் எழுத்தாளர். அவர் எழுதிய ‘ஒஷின்’ 1983 ஏப்ரல் முதல் ஓராண்டு காலம், கால்மணி நேரப் பகுதிகளாக, 297 நாள்கள் ஒளிபரப்பாயிற்று. யப்பானில் அதைப் பார்த்தோர் சராசரி நூற்றுக்கு 52க்கு மேல். குத்தகை விவசாயி ஒருவனின் மகள், ஏழு வயதிலே ஒரு மூடை அரிசிக்காக வேலைக்காரியாக அனுப்பப்படுகிறாள். கொடுமை தாளாது ஓடிப் பனிமலையில் விழுந்து கிடப்பவளைக் காப்பாற்றுபவன், ரஷ்ய யுத்தத்தின் கொலைகளைக் கண்டு வெறுத்து இராணுவத்தைவிட்டு ஓடி ஒளிந்திருக்கும் ஒருவன். எழுத்தறிவையும், யொசானோ அகிகோ என்னும் பெண் கவிஞர் போர்முனையிலிருந்த தம் தம்பியை எண்ணி எழுதிய கவிதையையும் அவனே அவளுக்குக் கற்பிக்கிறான். பின்னர் சிப்பாய்கள் அவனைச் சுட்டுக் கொல்கின்றனர். காலைச் சமையல் வேளையிற் பெண்கள் பார்க்கும் நாடகத்தில் இத்தகைய ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்திய துணிவை என்னென்பது!

யப்பானின் நன்கொடையால் அமைக்கப்பட்டு 1982இல் தொடங்கிய நமது ரூபவாகினி இந்த ஒஷினைச் சிங்கள வீடுகளுக்குள் கொண்டுசென்றது. ஆசிரியர் பயிற்சிக் கருத்தரங்கொன்றிற் சந்தித்த சிங்கள நண்பர், தம் தாயாரும் அயற்பெண்களும் ஒரே வீட்டில் அமர்ந்து ஒஷினுக்காக அழுத கதையைச் சொல்லிவிட்டு, “உங்கள் வீட்டில் பார்க்கவில்லையா?” என்று வினவினார். எங்களுக்கு அப்போது மின்சாரம் இருக்கவில்லை என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், தேநீர் வாங்கித் தருவதாகக் கூறி எழுந்தார்.

மின்சாரம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. குராமொதோ சோ எழுதிய ‘வட நாட்டிலிருந்து’ என்ற தொடர் 1981இல் தொடங்கியது. அதே நடிகர்களோடு, பிள்ளைகள் வளர வளர, 2002 வரை இடையிட்டுத் தொடர்ந்தது. மனைவியைப் பிரிந்த ஒருவன் தன் இரு பிள்ளைகளையும் டோக்கியோவிலிருந்து ஹொக்கைடோவில் உள்ள தன் பிறந்த ஊருக்கு அழைத்து வருகிறான். வீட்டில் மின்சாரம் இல்லை. தண்ணீர்க் குழாய் இல்லை. மூத்தவனான சிறுவனுக்கு இது உலகமே முடிந்துபோன செய்தி. நானோ பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டேன். 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாத காலத்திற் பிறந்து வளர்ந்தவன் நான். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, தைனமோவில் வானொலி கேட்ட வீடு எங்களுடையது. சுற்றுவது என் வேலை. அந்தத் தந்தை காற்றாடி அமைத்து ஒரு மின்குமிழை எரிய வைக்கும்போது அப்பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் ஒளியை, டோக்கியோவாசிகளைவிட எங்கள் ஊரார் நன்கு உணர்வர் என்றே நினைக்கிறேன். இதை இன்னும் பெரிதும் புகழலாம். ஆயின் நான் சொல்லவந்தது பையனின் பூதங்களைப்பற்றி.

‘அல்ட்ராமன்’ 1966இல் தொடங்கியது. அதன் எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கின்ஜோ தெத்சுவோ. அவர் ஒக்கினாவாவில் வளர்ந்தவர் என்று வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒக்கினாவா, தனி அரசாகவும் தனி மொழியோடும் இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யப்பானோடு இணைக்கப்பட்ட தீவு. 1945ஆம் ஆண்டுப் போரில் அத்தீவு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மடிந்தனர். கின்ஜோ அப்போது சிறுவன். அவர் தாயார் ஒரு காலை இழந்தார். 1972 வரை அத்தீவு அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தது. அத்தகைய ஒருவர் பிள்ளைகளுக்காக எழுதிய பூதக் கதைகளில் வேறேதும் இராமற் போகுமா?

இருந்தது. ‘அல்ட்ராசெவன்’ தொடரின் 42ஆம் பகுதி, 1968 யூலையில் ஒளிபரப்பானது. கடலடியிலே மனிதர் ஆய்வுத்தளம் அமைக்கின்றனர். அதனை நிறுத்துமாறு கடற்கரையிலே ஒரு சிறுவன் வந்து எச்சரிக்கிறான். நொன்மால்ட் என்பாரே இப்பூமியின் ஆதிக் குடிகள் என்றும், மனிதர் அவர்களைக் கடலுக்குள் துரத்திவிட்டு நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர் என்றும் சொல்கிறான். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பூமியைக் காக்கும் படையின் தலைவன் நீர்மூழ்கியிற் சென்று கடலடியில் ஒரு நகரத்தைக் காண்கிறான், கணநேரம் தயங்குகிறான். ஆக்கிரமிப்பாளர் தாங்களே என்றாகிவிடுமோ? அந்த ஐயத்தை உதறிவிட்டு நகரத்தைத் தகர்க்கிறான். வெற்றி தமதே, கடலும் இனித் தமதே என்று ஆர்ப்பரிக்கிறான். அவன் இதுவரை நாற்பத்தொரு வாரங்கள் நாம் கைதட்டி வரவேற்ற நல்லவன், வில்லனல்லன். கதை முடிவில், எச்சரித்த சிறுவன் இரண்டாண்டுகளுக்கு முன்னரே அக்கடலில் இறந்தவன் என்பது தெரியவருகிறது. எஞ்சுவது கல்லறை மட்டுமே. எங்கள் ஊரிலோ துயிலும் இல்லத்தின் கல்லறைகள் அகற்றப்பட்டு, அந்நிலத்திலே 2011ஆம் ஆண்டு படைப்பிரிவொன்றின் தலைமையகம் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்னர் அந்த ஆர்ப்பரிப்பைக் கேட்பவனுக்கு விளக்கவுரை தேவையில்லை.

கின்ஜோவின் நண்பரும் ஒக்கினாவாக்காரருமான உவேஹாரா ஷோசோ எழுதிய பகுதியே என்னை அதிகம் அலைக்கழித்தது. 1971 நவம்பரில் வந்தது. ‘மீண்டு வந்த அல்ட்ராமன்’ தொடரின் 33ஆம் பகுதி. பெற்றோரை இழந்து வடக்கேயிருந்து வந்த ஓர் அநாதைச் சிறுவன், தொழிற்சாலைக் கழிவு ஓடும் ஆற்றங்கரையில் நாள்தோறும் குழி தோண்டுகிறான். அவன் வேற்றுக் கிரகத்தவன் என்று ஊரிலே வதந்தி. பள்ளி மாணவர் அவனைக் கழுத்தளவுக்கு மண்ணிற் புதைத்துச் சேற்றுநீர் ஊற்றுகின்றனர். பாண் கடைக்காரி அவனுக்குப் பாண் விற்க மறுக்கிறாள். உண்மையில் வேற்றுக் கிரகத்தவர், அவனுடன் வாழும் நோயாளி முதியவர். அவர் புதைத்து வைத்த விண்கலத்தைத்தான் சிறுவன் தேடித் தோண்டுகிறான். கும்பல் திரண்டு வந்து சிறுவனை இழுத்துச் செல்கையில் முதியவர் வெளியே ஓடிவந்து, தாமே அந்த வேற்றாள் என்கிறார். பொலிஸ்காரன் சுடுகிறான். அவர் அடக்கி வைத்திருந்த பூதம் அப்போது எழுகிறது. நாயகன் போரிட மனமின்றி நிற்கிறான். இந்தக் கும்பலையா காப்பது?

1923ஆம் ஆண்டு டோக்கியோப் பகுதியைப் பூகம்பம் அழித்தபோது, கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற வதந்தியால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்று சொல்லச் சொல்லி, உச்சரிப்புப் பிசகியவர்களைக் கொரியர் என இனங்கண்டனர். அந்த நினைவிலிருந்தே இக்கதை எழுந்தது என்பர். 1983 யூலையில் கொழும்பில், வாளிக்குரிய சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்ததை அறிந்த எவரும் இங்கே திடுக்கிடாதிரார்.

இதை மாணவருக்குக் காட்டத் தீர்மானித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாசிகசாலையிலே, மடிக்கணினியை மேசைமேல் வைத்து, ஆங்கில எழுத்துரைகளை நிறுத்தி நிறுத்தித் தமிழிற் சொன்னேன். பதினைந்து பேர் வந்திருந்தனர். முடிந்ததும் கொரியரைப்பற்றியும் 1983பற்றியும் நான் உணர்ச்சியோடு பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று எண்ணினேன். கும்பல் யார், சிறுவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் வாய் திறவாதவள்.

“சேர், அந்தப் பாண் கடை மாதிரிக் கடையள் எங்கடை பக்கமும் இருந்ததாம். அம்மப்பாவுக்குப் போத்தலிலைதான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவையாம். உள்ளுக்கை இருக்க விடயில்லையாம்.”

ஒருவரும் அசையவில்லை. 1966 முதல் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களை நான் வகுப்பிலே பாடமாக நடத்தியவன். டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவன். எனினும் படத்தைப் பார்த்தபோது அக்கடைக்காரியின் முகத்தை ஒருமுறையேனும் எங்கள் ஊர் முகமாக நான் காணவில்லை. என் பாட்டனார் அத்தகைய கடையொன்றின் உள்வாங்கில் அமர்ந்து, பத்திரிகை வாசித்துக்கொண்டு, கண்ணாடிக் குவளையிலே தேநீர் அருந்தியவர். நல்லவர், ஊரார் மதித்தவர். வெளியே போத்தலோடு நின்றவர் யாரென்று அவர் திரும்பிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதனை நான் அன்று வாசிகசாலையிற் சொல்லவில்லை. சொல்ல நாக்கு எழவில்லை.

பதிலுக்கு நான் செய்தது, படத்தைப் பின்னோக்கி ஓட்டி, பாண் கடைக் காட்சியை மறுபடி காட்டியது மாத்திரமே. கடைக்காரி மறுத்த பின்னர், அவள் மகள் மழையிற் குடையோடு ஓடிவந்து சிறுவனிடம் பாணைக் கொடுக்கிறாள். இரக்கமா என்று அவன் கேட்கிறான். இல்லை, நாங்கள் பாண் விற்பவர்கள், அதனால் விற்கிறேன் என்ற பொருள்பட அவள் சொல்கிறாள். முதன்முறை பார்க்கையில் நான் இதைச் சாதாரணமாகவே கடந்துபோனேன். இரண்டாம் முறை, அந்த மாணவி முழங்கையை மேசையில் ஊன்றி இமைக்காமற் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கலைந்த பின்னர், இந்தத் தேடலை எனக்குத் தொடக்கி வைத்த பையன் மின்கம்பியைச் சுற்றிக் கொடுத்தபடி நின்றான். யப்பான் படங்களால் அவனது படிப்புச் சற்றும் திருந்தவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். கணிதத்திலே இம்முறையும் சித்தியில்லை.

“அவன் பிறகு அந்தக் கப்பலைக் கண்டுபிடிச்சானோ, சேர்?”

படம் அதைச் சொல்லவில்லை. அவன் தோண்டிக்கொண்டே இருப்பதாகத்தான் கதை முடிகிறது. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 2006இல், வேறொரு அல்ட்ராமன் தொடரில் இக்கதையைத் தொடர்ந்திருக்கின்றனர். சுடப்பட்ட முதியவரின் மகன் பூமிக்கு வந்து தந்தையின் சாவுக்குக் கணக்குக் கேட்கிறான். அதைச் சொன்னேன்.

“எழுத்துரையோடை கிடைக்குமோ?”

“தேடிப் பார்ப்போம்” என்றேன்.

மறு வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தனர். வாங்கு போதவில்லை, சிலர் பாயிலே அமர்ந்தனர். அம்மாணவி தன் அம்மப்பாவையும் அழைத்து வந்திருந்தாள். அவரை முன்வரிசைக் கதிரையில் இருக்கச் சொன்னோம். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, கதிரையை இன்னுங் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டார்.