அணையாத் திரை இருக்க வேண்டிய இடம்

கைபேசி பூட்டிக் கிடக்கும்போதும் மணி, தேதி, பேட்டரியின் அளவு, வந்து காத்திருக்கும் செய்திகளின் குறிகள் ஆகியவற்றை மங்கிய ஒளியில் விடாமல் காட்டிக்கொண்டிருக்கும் வசதியை விற்பனையாளர்கள் ‘ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே’ என்கிறார்கள். இக்கட்டுரை அதை அணையாத் திரை என்றே குறிக்கும். 2016 பிப்ரவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்7, எல்ஜியின் ஜி5 ஆகிய இரண்டும் பார்சலோனாவில் ஒரே நாளில் இவ்வசதியோடு அறிமுகமானது முதல், இதனால் பயன் உண்டா, பேட்டரிக்குத்தான் கேடா என்ற விவாதம் ஓயவில்லை. விவாதம் பெரும்பாலும் பேட்டரியின் பக்கமே சாய்ந்துவிடுகிறது; ஒரு கருவி நாளின் பெரும்பகுதியை எந்த இடத்தில், எந்த நிலையில் கிடந்து கழிக்கிறது என்பதைக் கொண்டு இதன் பயனை அளந்தால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

மணி பார்க்க ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும் என்ற நிலை முன்பும் ஒருமுறை வந்து, விரைவிலேயே சலித்துப்போனது. அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பல்சர் என்னும் மின்னணுக் கைக்கடிகாரம் 18 காரட் தங்கத்தில் செய்யப்பட்டு 2,100 டாலருக்கு விற்கப்பட்டது. ஆனால் அதன் முகம் எந்நேரமும் இருண்டே கிடந்தது, பொத்தானை அழுத்தினால் மட்டும் சிவப்பு எண்கள் சற்றே ஒளிர்ந்து மறைந்தன. மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிவிடும் எல்இடி எனப்படும் நுண்விளக்குகளால் அந்த எண்கள் அமைந்திருந்ததால், அவற்றை எரியவிட்டால் பேட்டரி தாங்காது என்பதே காரணம். 1973இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் ரோஜர் மூர் பல்சர் கடிகாரம் ஒன்றை அணிந்து நடித்தார். திரைப்பட நாயகர்களுக்கு இரண்டு கைகளும் எப்போதும் ஓய்வாகவே இருக்கும் போலும். கடிகாரம் கட்டிய கை ஒருபுறமும் சாமான் பை தூக்கிய கை மறுபுறமுமாகப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கோ மணி பார்க்க மூன்றாவது கை வேண்டியிருந்தது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டே எண்களைக் காட்டும் எல்சிடி கடிகாரங்கள், எவரும் அழுத்தாமலே மணி காட்டியதால், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எல்இடி வகையை ஓரங்கட்டிவிட்டன.

கைபேசிகளின் வரலாறு இதே பாதையில் பின்னோக்கிப் போய்த் திரும்பியது எனலாம். 2000இல் வெளிவந்த நோக்கியா 3310இன் ஒற்றை நிறத் திரை, விளக்கு அணைந்த பிறகும் பகல் வெளிச்சத்தில் மணியைக் காட்டிக்கொண்டிருந்தது; மேசைமேல் கிடந்தால் எட்டிப் பார்த்தாலே போதும். அதன் பின் வந்த வண்ணத் திரைகளுக்குப் பின்னொளி, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, இன்றியமையாததாகிவிட, அது அணைந்தவுடன் கருவி வெறும் கறுப்புக் கண்ணாடியானது. செய்தி வந்திருப்பதை அறிவிக்கக் கைபேசியின் மூலையில் மினுக்கிய சிறு விளக்கும், திரை விளிம்புவரை பரவியபோது இடமின்றி மறைந்தது. எனவே அணையாத் திரையைப் புதுமை என்று கொண்டாடுவதைவிட, கவனமின்றிக் கைவிட்ட ஒன்றை அதிகச் செலவில் மீட்டுக்கொண்டது என்று கூறுவதே நேர்மையானது.

அந்த மீட்பைச் சாத்தியமாக்கியது ஓஎல்இடி என்னும் திரைவகை. இதில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தை ஆக்கும் ஒவ்வொரு புள்ளியும், தனித்தனியே ஒளிவிடுவதால், கறுப்பாக இருக்க வேண்டிய புள்ளிகள் முற்றிலும் அணைந்தே கிடக்கின்றன. கறுப்புப் பின்னணியில் நான்கு எண்கள் மட்டும் தெரியும்போது மின்சாரம் அந்த எண்களுக்கே செலவாகிறது. ஆயினும் ஒளிர்வது மட்டுமே செலவன்று: புள்ளிகளின் மின்னூட்டம் கசிந்துபோவதால் படத்தை ஒரு நொடிக்குள் பலமுறை திரும்ப எழுத வேண்டியிருந்தது. கசிவு குறைந்த ஆக்சைடு டிரான்சிஸ்டர்களைப் பழைய சிலிக்கான் டிரான்சிஸ்டர்களோடு சேர்த்துச் செய்யும் எல்டிபிஓ என்ற முறை வந்த பின், நொடிக்கு 1 முறை எழுதினாலும் படம் நிலைத்து நிற்கிறது; 2019இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 5, 2022இல் வந்த ஐபோன் 14 புரோ ஆகியவை இதைக் கொண்டே அணையாத் திரையைப் பெற்றன. இன்னொரு இடர், ஒரே புள்ளிகள் நீண்ட நேரம் எரிந்தால் விரைவில் தேய்ந்து, மணியின் உருவம் திரையில் நிலையான தழும்பாகத் தங்கிவிடுவது. அத்தகைய திரையைப் பக்கத்திலிருந்து சற்று நேரம் உற்றுப் பார்ப்பவர், எண்கள் மயிரிழை அளவு இடமோ வலமோ நகர்ந்துவிட்டிருப்பதைக் காணலாம். தேய்மானத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்காக மென்பொருள் செய்யும் ஏற்பாடு அது.

பேட்டரிச் செலவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தன் ஜி5 கைபேசியில் இது மணிக்கு 0.8 விழுக்காட்டைச் செலவழிக்கும் என்று எல்ஜி அறிவித்தது. அந்தக் கணக்கின்படி அலுவலக மேசைமேல் பத்து மணி நேரம் கிடந்தால் 8 விழுக்காடு போகும். இரவில் மின்னேற்றிக்கொள்ள வாய்ப்புள்ளவருக்கு இது தாங்கக்கூடியதே. மாலையிலேயே சார்ஜருக்கு அலைய வேண்டிய பழைய கைபேசிக்காரருக்கு இது வேண்டாத செலவு.

இதைவிட நுட்பமான செலவு கவனத்தைச் சார்ந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணியாற்றிய மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும், 1995இல் எழுதிய கட்டுரையொன்றில் அமைதியான தொழில்நுட்பம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். மனித கவனத்துக்கு ஒரு நடுவும் ஒரு விளிம்பும் உண்டு, நல்ல கருவி விளிம்பில் இருந்துகொண்டே செய்தி சொல்லும், தேவைப்பட்டால் மட்டும் நடுவுக்கு வரும் என்பது அவர்கள் வாதம். கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டே அடுக்களையில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணத் தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் சுட்டிய எடுத்துக்காட்டு நத்தலி ஜெரமியெங்கோ என்ற கலைஞர் அமைத்தது: கூரையில் பொருத்திய சிறு மோட்டாரிலிருந்து எட்டடி நீளப் பிளாஸ்டிக் இழை ஒன்று தொங்கியது, மோட்டார் கணினி வலையமைப்பின் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்ததால், போக்குவரத்து குறைவாக இருக்கையில் இழை அவ்வப்போது மெல்லத் துடித்தது, மிகும்போது ஒலியெழச் சுழன்றது. அதை நின்று பார்க்காமலே வலையமைப்பின் நிலையை அங்கிருந்தவர்கள் அறிய முடிந்தது.

அணையாத் திரை இந்த விளிம்பில் நிற்கும்வரை நல்லது. நடுவுக்கு நகர்ந்தால் தொல்லை. ஐபோன் 14 புரோவில் ஆப்பிள் முதலில் செய்தது இரண்டாவது. மற்றவர்கள் கறுப்புப் பின்னணியில் எண்களை மட்டும் காட்டிக்கொண்டிருக்க, அது பின்னணிப் படம் முழுவதையும் வண்ணத்தோடு மங்கலாக்கிக் காட்டியதால், திரை இன்னும் பூட்டப்படவில்லை என்று எண்ணி மீண்டும் பொத்தானை அழுத்தியவர்கள் பலர். 2022 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2, படத்தையும் அறிவிப்புகளையும் மறைத்துக்கொள்ளும் தெரிவைத் தந்தது. அறிவிப்புகளை மறைப்பதே அறிவுடைமை என்று தோன்றுகிறது: மணி எவருக்கும் அழைப்பு விடுப்பதில்லை, செய்திக் குறியோ எடுத்துப் பார் என்று நச்சரிக்கிறது. மேலும் கூடத்து மேசை பொதுவிடம். செய்தியின் வாசகம் மறைந்திருந்தாலும் எந்தச் செயலியிலிருந்து வந்தது என்பது அவ்வழியே போகிற சித்தப்பாவுக்கும் தெரிந்துவிடுகிறது.

கைபேசி எங்கே கிடக்கிறது என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கையில் உணரிகள் அதைக் கண்டுகொண்டு திரையை அணைத்துவிடுவதால் பயனும் இல்லை, செலவும் இல்லை. முகம் தெரிய மேசைமேல் கிடக்கும்போதும், மாவு பிசையும் கையைக் கழுவாமல் மணி அறிய வேண்டியபோதும் அது பல்சர் கேட்ட மூன்றாவது கையை மிச்சப்படுத்துகிறது. படுக்கையறையில், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த மங்கிய ஒளியும் மிகையே. இரவு நேரத்தில் தானாக அணையும்படி அட்டவணை வகுத்துக்கொள்ளப் பல கைபேசிகளில் வழியுண்டு.

டேப்லெட்டின் நிலை வேறு. அது பெரும்பாலும் மூடியுள்ள உறைக்குள்ளோ, புத்தகங்களுக்கு அடியிலோ, பிள்ளைகளின் பையிலோ கிடப்பது. மணி பார்க்க அதைத் தேடுகிறவர் அரிது. 2024இல் ஐபேட் புரோ ஓஎல்இடி திரைக்கு மாறிய பின்னும், அதன் திரை நொடிக்கு 10 முறைக்குக் கீழே இறங்காதபடி அமைந்து, அணையாத் திரை இல்லாமலே வந்தது. அதைக் குறையென்று சொன்னவர்கள் அந்தக் கருவியின் அன்றாடத்தைக் கவனிக்கவில்லை. தாங்கியில் நிற்கும் டேப்லெட் மட்டுமே விதிவிலக்கு. 2018இல் அமேசான் தன் ஃபயர் டேப்லெட்டுகளுக்கும், 2023இல் கூகுள் தன் பிக்சல் டேப்லெட்டுக்கும் மின்னேற்றும் தாங்கிகளைத் தந்தபோது, தாங்கியில் வைத்தவுடன் கருவி சுவர்க்கடிகாரமாகவும் படச்சட்டமாகவும் மாறியது. மின்சாரம் சுவரிலிருந்து வருவதால் எல்சிடி திரையின் பின்னொளி முழுவதும் எரிந்தாலும் எவருக்கும் கவலையில்லை.

மின்சாரமே இல்லாமல் அணையாதிருக்கும் திரையும் உண்டு. கிண்டில் போன்ற படிப்புக் கருவிகளில் உள்ள மின்மைத் திரையில், மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் நுண்குமிழிகளுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. நகரும்போதுதான் செலவு, நகர்ந்து நின்ற பின் இல்லை. 2021இலிருந்து பல கிண்டில்கள் உறங்கும்போது படித்துக்கொண்டிருக்கும் நூலின் அட்டையைக் காட்டுகின்றன. மணியைக் காட்ட வேண்டுமானால் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தெழ வேண்டும். அது அவ்வாறு செய்வதில்லை, மின்னூட்டம் வாரக்கணக்கில் நிற்கிறது. பாதியில் விட்ட நூலை நினைவூட்டுவது படிப்பவருக்கு மணியைவிட உதவியானது. எந்த நூல் என்பதை வீட்டார் பார்ப்பதை விரும்பாதவர் அமைப்புகளுக்குள் சென்று அட்டையை நிறுத்திவிடலாம்.