நான்கு சில்லும் ஒரு பாதையும்

மாரி பிறந்தால் கல்முனைக்கு மேற்கே நமது வயற்பாதைகள் களிச்சேறாகிவிடுகின்றன. பின்சில்லுகள் மட்டும் உந்தும் வண்டியில் ஒரு சில்லு வழுக்கினால், இயந்திரத்தின் வலு அதனை வீணே சுழற்றுவதில் கழிகிறது. நாம் இறங்கித் தள்ளுகிறோம். நான்கு சில்லுகளும் உந்தினால் வேலை பங்கிடப்படுகிறது, வண்டி நகர்கிறது. கூட்டுழைப்பின் வலிமை அது!

ஆயினும் அவ்வலிமை வண்டியை நகர்த்தவே உதவும், நிறுத்த உதவாது. வெள்ளமோ வண்டியையே தரையினின்று பெயர்த்துவிடும். 2024 நவம்பர் 26 அன்று, காரைதீவு–மாவடிப்பள்ளிப் பாதையை மூடிய வெள்ளம், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை அள்ளிச் சென்றது. பிள்ளைகள் மாண்டனர்.

எத்தனை சில்லுகள் உந்தினும் பற்றிக்கொள்ளத் தரை வேண்டும். வெள்ளத்துக்கு மேலாகப் பாதையும் பாலமும் அமைப்பது அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நமது கடமை.