ஊட்டி மலையில் கேட்ட "கோச்சி"



டிசம்பர் லீவுக்கு ஊட்டி போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் சுபஹ் தொழுதுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மலை ரயில் காலை 7.10க்கு. நாவலப்பிட்டியில் கோச்சிச் சத்தம் கேட்டே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் நீராவி இஞ்சினைக் கண்டது இதுதான் முதல் தடவை. இஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மலைக்குத் தள்ளுகிறது. "புகையிரதம்" என்று நாம் ஏன் எழுதுகிறோம் என்பது அன்றுதான் அவர்களுக்கு உண்மையாக விளங்கியது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை வருகிறது. இஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுகிறது. 12 அடி போனால் 1 அடி ஏற்றம்! நமது மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு 1 அடிதான், அதனால் பல் இல்லாமலே பதுளை வரை போகிறோம். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் போட்ட பாதை. 46 கிலோமீட்டருக்குள் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

குன்னூரில் நீராவி இஞ்சினைக் கழற்றி டீசல் இஞ்சின் பூட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். "வாப்பா, கோச்சி போகப்போகுது!" என்று மகள் கத்தினாள். பக்கத்து வாங்கில் இருந்த வயதான அம்மா ஒருவர் சட்டென்று திரும்பினார்.

"நீங்க சிலோனா?"

பிறந்தது ஹட்டன் பக்கத் தோட்டமாம். ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். "ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சனம் அழுதது இன்னும் காதுல இருக்கு தாயி. அங்க எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க இன்னமும் சிலோன்காரங்கதான்."

நாங்கள் நாவலப்பிட்டி என்றதும் எங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். விசில் ஊதும் வரை விடவில்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அவர்கள் விருப்பத்தை யார் கேட்டார்கள்? அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் இது சில வரிகள். ஆனால் அந்தக் கோச்சிகள் நம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயின. நம் ஊர்க் கடைகளின் கணக்குக் கொப்பியில் பெயர் இருந்த குடும்பங்கள் அவை.

ஊட்டிக்குப் போக நினைப்பவர்கள் டிக்கெட்டை நேரத்தோடு பதிவு செய்யுங்கள், லீவு நாட்களில் கிடைப்பது கஷ்டம். அதற்கு முதல், வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேளுங்கள்: அந்தக் காலத்தில் யார் யார் போனார்கள், எந்தத் தோட்டம், என்ன பெயர் என்று. பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். கமெண்டிலும் போடுங்கள், நாங்கள் சேர்த்து வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.