பனிக்குள் ஒரு ரேடியோ

ஜமுனாமரத்தூரில் மார்கழி மாதம் ஆறு மணிக்கே கடைகள் பாதி சாத்திவிடும். ஏழு மணிக்கு மேல் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எதிரில் இருக்கும் புளியமரம் தெரியாது. பனி அப்படி இறங்கும். கூடவே கரண்டும் போய்விட்டால், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை நான், அதன்பிறகு போர்வை. 2024 டிசம்பரில் அப்படியொரு வாரத்தில்தான் சைலன்ட் ஹில் 2 விளையாடினேன்.

அந்த வருடம் அக்டோபரில் அதைப் புதிதாகச் செய்து வெளியிட்டிருந்தார்கள். என் லேப்டாப்பில் அது மூச்சு வாங்கிக்கூட ஓடாது. எனவே 2001இல் வந்த பழையதையே எடுத்துக்கொண்டேன். விளையாட்டுகளைப் பற்றிப் பேசினாலே ‘வாத்தியார் வேலை பாக்குறவன் பண்ற வேலையா இது’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

கதை எளிமையானது. ஜேம்ஸ் என்பவனுக்கு மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகிறது. நமக்கென்றே இருந்த அந்த ஊரில் உனக்காகக் காத்திருக்கிறேன் என்கிறாள். மேரி நோயில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் கிளம்பிப் போகிறான். ஊர் முழுக்கப் பனி.

இந்தப் பனிக்கு ஒரு பின்கதை உண்டு. 1999இல் வந்த முதல் பாகம் பழைய பிளேஸ்டேஷனுக்காகச் செய்யப்பட்டது. ஒரு முழுத் தெருவைத் தூரம்வரை வரைந்து காட்ட அந்தக் கருவிக்குச் சக்தி போதாது. போதாததைப் பனி போட்டு மூடினார்கள். இல்லாமையை மறைக்கப் போட்ட திரைதான் அந்த வரிசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நம் ஊர்ப் பேய்ப்படங்களில் பட்ஜெட் கூடக்கூடப் பேய்க்கு மேக்கப் கூடும், பயம் குறையும். ‘காஞ்சனா’வுக்குத் தியேட்டரில் சிரித்த அளவு நான் எந்தக் காமெடிப் படத்துக்கும் சிரித்ததில்லை (குறையாகச் சொல்லவில்லை, அது வேறு விருந்து). 2009இல் வந்த ‘யாவரும் நலம்’தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதில் பயமுறுத்துவது தினமும் மதியம் வீட்டில் ஓடும் ஒரு டிவி சீரியல்.

பயம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த மலையில்தான் கற்றுக்கொண்டேன். இங்கே இருட்டியபின் யாரும் பாம்பு என்று சொல்வதில்லை. ‘பூச்சி’தான். என் வகுப்புப் பையன் ஒருவன் “சாயங்காலம் பூச்சி ஒன்னு வந்துச்சு சார்” என்று சாதாரணமாகச் சொன்னபோது, முழு நீளப் பாம்பைக் கண்ணால் பார்த்ததைவிட எனக்கு உடம்பு கூசியது. அதேபோல நாய். கரடி நடமாட்டம் உள்ள மலை இது. இரவில் முதலில் கீழ்த்தெரு நாய் குரைக்கும், பிறகு நடுத்தெரு நாய், பிறகு நம் வீட்டு நாய். எதுவோ வருகிறது, இந்தப் பக்கமாக வருகிறது. அது பன்றியா கரடியா வெறும் காற்றா என்பது கடைசிவரை தெரியாது.

சைலன்ட் ஹில்லில் அந்த நாயின் வேலையை ஒரு சின்ன ரேடியோ செய்கிறது. ஜேம்ஸ் பாக்கெட்டில் கிடக்கும் அந்த உடைந்த ரேடியோ ஏதாவது நெருங்கினால் கரகரக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். எச்சரிக்கை இருந்தால் பயம் குறையும் என்றுதானே நினைப்போம்? கூடுகிறது. திடீரென்று முன்னால் குதிப்பது அரை நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். வருகிறது என்று தெரிந்தபிறகும் அந்தப் பக்கமே நடந்தாக வேண்டும். பொத்தானை அழுத்துவது நம் விரல். சினிமாவில் கதாநாயகி கதவைத் திறக்கும்போது ‘போகாதே’ என்று கத்தலாம். இங்கே யாரைப் பார்த்துக் கத்துவது?

2010இல் வந்த அம்னீஷியா இதையே வேறு வழியில் செய்தது. கையில் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும், விளக்கேற்றினால் எண்ணெய் தீரும், ஒளிந்துதான் பிழைக்க வேண்டும். நல்ல விளையாட்டுதான். ஆனால் முடித்தபின் மூடிவைத்துவிட்டுத் தூங்க முடிந்தது. சைலன்ட் ஹில்லில் அது முடியவில்லை.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். இருபது வருடம் தாண்டிய கதை, பாதகமில்லை. ஏரிக்கரை ஓட்டலில் ஒரு வீடியோ டேப் கிடைக்கிறது. போட்டுப் பார்த்தால், படுக்கையில் கிடந்த மேரியைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் ஜேம்ஸேதான். கடிதமென்று ஒன்று வரவே இல்லை. விளையாட்டின் நடுவிலேயே பையைத் திறந்து பார்த்தால் அந்தக் கடிதத்தின் எழுத்துகள் காணாமல் போயிருக்கும், பிறகு தாளே இருக்காது. நான் பார்க்கவில்லை. தோன்றவே இல்லை.

இதற்குமேல் என் கதையையும் சொல்லாமல் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் போளூரில் படுக்கையில் கிடந்தாள். அக்காதான் பார்த்துக்கொண்டாள். பீ மூத்திரம் அள்ளுவது முதல் எல்லாம். நான் அதே வீட்டில் இருந்தேன். 2022இல் எனக்கு மலைக்கு மாறுதல் வந்தது. “கலந்தாய்வுல வேற இடமே இல்லக்கா, என்ன பண்றது” என்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘பாவம், புள்ளய மலைக்குத் தூக்கியடிச்சிட்டாங்க’ என்று வருத்தப்பட்டார்கள். கீழே இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. மலையைக் கேட்டு வாங்கியது நான். அந்த அறையின் வாடையிலிருந்து, ராத்திரியெல்லாம் கேட்கும் அந்த முனகலிலிருந்து தப்பிக்க. 2023 கோடையில் அம்மா போனபோது கீழே இறங்கிப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் திரும்பிவிட்டேன். சொல்லிச் சொல்லி, வேறு இடம் இல்லை என்பதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அந்த வீடியோ டேப்பைத் தாங்கிக்கொண்டேன். என்னை அடித்தது அதன்பிறகு வந்த முடிவு. இந்த விளையாட்டுக்குப் பல முடிவுகள் உண்டு. எது வேண்டும் என்று அது நம்மிடம் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறது. மேரியின் படத்தை எடுத்துப் பார்த்தோமா? அடிபட்டால் உடனே மருந்து குடித்தோமா, அல்லது அப்படியே நடந்தோமா? வழியில் ஒரு பெண் கொடுத்த கத்தியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தோமா? எல்லாம் கணக்கில் ஏறுகிறது. எவ்வளவு உயிர் மிச்சம் என்பதைத் திரையில் காட்டாது, நாமாகப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். எனக்கு வந்தது ஜேம்ஸ் காரோடு ஏரிக்குள் போகும் முடிவு. ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் இந்தக் கணக்கே தெரிந்தது. பை நிறைய மருந்து இருந்தும் நான் பெரும்பாலும் குற்றுயிராகவே நடந்திருக்கிறேன். கத்தியை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. அதற்குத் தெரிந்திருக்கிறது.

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டாள், “இன்னா சாரு, ராத்திரி யாருகூட பேசினு இருந்தீங்க? ஆளு வந்த சத்தம் கேக்கல, ஒங்க கொரலு மட்டும் கேட்டுச்சு.”

“போன்ல பாட்டி.”

“டவரே இல்லியே ரெண்டு நாளா” என்றாள்.

காவலூர் இங்கிருந்து தூரமில்லை. அங்கே வேணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 1986 முதல் இருக்கிறது. பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் வெளிச்சம் ஏறினால் மங்கலான நட்சத்திரங்கள் தெரியாமல் போகும் என்று அங்கே விளக்கியபோது, ஒரு பையன் என் சட்டையைப் பிடித்திழுத்து, “அப்ப நம்மூர்ல கரண்டு போறது நல்லதா சார்?” என்றான். அந்த வாரம் எனக்கு அந்தப் பையன்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தான்.

டவர் வந்த அன்று அக்காவுக்கு போன் செய்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பனி, குளிர், சாமை அரிசி விலை எல்லாம் பேசிவிட்டு, “அக்கா, ஒன்னு சொல்லணும். அந்த மாறுதல்...” என்றேன்.

“தெரியும்டா” என்றாள். “காலியிடம் லிஸ்ட்ட ஒங்க மாமா அன்னிக்கே போன்ல காட்டினாரு.”

நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நின்றதும், “திதி வருது, லீவ் போட்டுட்டு வந்துடு” என்றாள்.