மூன்று நிமிஷப் பாட்டு

மாதுங்காவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழனுக்கு எவ்வளவு ஹிந்தி தெரியுமோ அவ்வளவு ஹிந்தி எனக்கும் தெரியும். அதாவது, கறிகாய் வாங்கலாம். விக்டோரியா வண்டிக்காரனிடம் பேரம் பேசலாம். கவிதையை ரஸிக்க முடியாது. அப்படியிருந்தும் எழுபது வருஷமாகப் பழைய ஹிந்திப் படப் பாட்டுக்களைக் கேட்டு மனம் உருகி வருகிறேன். அர்த்தம் பாதி புரிகிறது. மற்றப் பாதியைக் குரல் சொல்லிவிடுகிறது.

"உங்கள் காலத்துப் பாட்டு, அதனால் உங்களுக்கு இனிக்கிறது" என்று என் பேரப் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். ஆனால் அவர்களே கைப்பேசியில் அந்தப் பாட்டுக்களை வைத்துக் கேட்பதையும் பார்க்கிறேன். அவர்கள் காலத்துப் பாட்டு அல்லவே அது! ஆகையால் வேறு காரணம் இருக்கத்தான் வேண்டும். அது என்ன என்று சற்று விசாரிக்கலாம்.

ஹிந்தி டாக்கி பிறந்த தினமே பாட்டும் பிறந்து விட்டது. 1931-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி, பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. அதில் ஏழு பாட்டுக்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. பாரத தேசத்தின் முதல் பேசும் படம் என்று பெருமை கொள்ளுகிறோம். அது என்ன பேசிற்று என்று கேட்பதற்கு வழியில்லை.

அந்த நாளில் நடிப்பவர்களே பாடவேண்டும். 1935-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் 'தூப் சாவ்ம்' படத்தில் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறையைக் கையாண்டார்கள். ஆனாலும் ஸைகாலைப் போல் நடிப்பும் பாட்டும் ஒருங்கே வாய்த்தவருக்கு இரவல் குரல் எதற்கு? டைப்ரைட்டர் விற்றுக் கொண்டிருந்த ஜம்மு இளைஞர் அவர். அவர் உரக்கப் பாடி யாரையும் மிரட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொந்தக் கஷ்டத்தைச் சொல்லுவது போலப் பாடினார். தேசம் முழுவதும் காது கொடுத்துக் கேட்டது.

இந்தப் பாட்டுக்களுக்கு உருவம் கொடுத்தது கிராமபோன் பிளேட்டு என்று சொன்னால் மிகையாகாது. பழைய பிளேட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாடமுடியும். நம் வித்வான்களுக்கு ராகத்தின் வாசலைத் திறப்பதற்கே அரைமணி நேரம் பிடிக்கும்! ஹிந்திப் படக்காரர்களோ மூன்று நிமிஷத்துக்குள் பல்லவி, சரணங்கள், இடையிடையே வாத்தியம், எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டியிருந்தது. ஏழு சீருக்குள் உலகத்தையே அடக்கிய குறளைப் படித்தவர்களுக்கு, நெருக்கடியிலிருந்தும் அழகு பிறக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

1949-ல் வந்த 'மஹல்' படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு பாட்டு எங்கோ தூரத்தில் ஆரம்பித்து மெள்ள மெள்ள அருகில் வருகிறது. அதற்காகப் பாடகியை அறையின் ஒரு கோடியில் நிறுத்தி, பாடிக்கொண்டே ஒலிவாங்கியை நோக்கி நடந்து வரச் செய்தார்களாம். பிளேட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. அது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்! பாடியவர் யார் என்று கேட்டு ஜனங்கள் ரேடியோ நிலையத்துக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் ஊருக்குத் தெரிந்தது. ஆனால் மெட்டமைத்த கேம்சந்த் பிரகாஷ், அந்த வெற்றியை அநுபவிக்க அதிக நாள் இருக்கவில்லை. 1950-லேயே காலமாகி விட்டார்.

ஒரு பாட்டுக்குப் பின்னால் இப்படி எத்தனை பேர்! ராஜ் கபூரின் படங்களுக்குப் பாட்டெழுதிய சைலேந்திரா, எங்கள் மாதுங்கா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அவருடைய கூட்டாளி ஹஸரத் ஜெய்ப்பூரி பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையரில் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து வந்தார், மற்றவர் குஜராத்தி. எஸ். டி. பர்மன் திரிபுரா ராஜ வம்சத்தவர். இவர்களுடைய மெட்டை மேனாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி, ஐம்பது வயலின்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர்களில் பலர் கோவாக்காரக் கிறிஸ்தவர்கள். செபாஸ்டியன் டிஸூஸா, அந்தோனி கொன்ஸால்வெஸ் முதலிய அந்த மேதைகளின் பெயர்கள் திரையில் தோன்றுவதே அபூர்வம்.

இவ்வளவு இருந்தும் இந்த ஸங்கீதத்துக்குப் பெரிய இடத்தில் மதிப்புக் கிடைக்கவில்லை. 1952-ல் செய்தி, ஒலிபரப்பு மந்திரியாக வந்த ஸ்ரீ கேஸ்கர் சாஸ்திரீய ஸங்கீதத்தில் பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்பது அவருடைய கட்சி. ரேடியோவில் அது வெகுவாகக் குறைந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைச் சற்றுத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள்! புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அமீன் ஸயானியின் குரல் கேட்டதும் எங்கள் தெருவே அமைதியாகிவிடும். 1957-ல் சர்க்காரும் 'விவித பாரதி'யை ஆரம்பித்து ஜனங்களோடு ராஜி செய்துகொண்டது.

என் தகப்பனார் மந்திரியின் கட்சி. தியாகையர் கிருதிகளுக்கு அப்பால் ஸங்கீதம் கிடையாது என்பவர். ஒரு நாள் இலங்கை ரேடியோவில் 'பைஜூ பாவ்ரா' படத்தின் பஜனைப் பாட்டு வந்தது. நிறுத்தச் சொல்லுவதற்காக எழுந்து வந்தவர் அப்படியே நின்று விட்டார்.

"நம்முடைய ஹிந்தோளமல்லவா இது?" என்றார்.

"வடக்கே மால்கௌன்ஸ் என்பார்கள், அப்பா" என்றேன்.

பாட்டு முடிந்ததும், "பாடியது எந்த பாகவதர்?" என்று கேட்டார். பாடியவர் முகம்மது ரபி, பாட்டெழுதியவர் ஷகீல் பதாயூனி, மெட்டமைத்தவர் நௌஷாத் என்று சொன்னேன். ஹரி தரிசனத்துக்காக ஏங்கும் அந்தப் பாட்டை ஆக்கிய மூவரும் முஸ்லிம்கள். தேசம் இரண்டாகப் பிளந்து இரத்தம் சிந்தி ஐந்தே வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தகப்பனார் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில், "மறுபடியும் எப்போது வைப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் படங்களில் குறையே இல்லையென்று நான் வாதாடப் போவதில்லை. கதையில் பிரிந்த சகோதரர்கள் தவறாமல் கடைசியில் சேருவார்கள். மேனாட்டு மெட்டைக் கேட்காமலே கடன் வாங்கியதும் உண்டு. ஆனால் நல்ல பாட்டு ஒவ்வொன்றிலும், தாய்மொழியும் மதமும் வேறான பத்துப் பேர் ஒரு அறையில் கூடி, மூன்று நிமிஷம் ஒரே மனதாக இருந்திருக்கிறார்கள். மேடைப் பிரசங்கங்களால் ஸாதிக்க முடியாததை அந்த அறையில் சத்தமில்லாமல் ஸாதித்தார்கள். அந்த ஒற்றுமைதான் இன்றும் நம் காதில் இனிமையாக விழுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ரபி 1980-ல் மறைந்தார். லதா 2022-லும் ஸயானி 2024-லும் போய்விட்டார்கள். 'ஆலம் ஆரா'வை இழந்ததுபோல் இவர்களையும் நாம் இழந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் குழந்தை ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தால், "இதைச் செய்தவர்கள் யார், தெரியுமா?" என்று ஒரு நிமிஷம் சொல்லி வையுங்கள். மற்ற மூன்று நிமிஷத்தை அந்தப் பாட்டே பார்த்துக்கொள்ளும்.